உள்ளங்கை உப்பு

மழை ஈரம் ஏறிய கல்லுப்பு மூட்டையின் வாசம் இன்று ராயபுரத்துக் கடையொன்றில் என்னை நிறுத்தியது. இப்போது அனல்மின் நிலையத்தின் சாம்பல் மேடாகிவிட்ட வள்ளூர் உப்பளத்தில், என் சிறுவயதில், பலகை உப்பை வாரும் சரசரப்பு ஓய்ந்ததும், அங்கே கூலி வேலை செய்த அம்மாவும் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு கைப்பிடி உப்பை, எல்லோரும் பார்க்க, உள்ளங்கையில் ஏந்தி வீடு திரும்புவார்கள். உப்புக்கு வரி விதித்த வெள்ளைக்காரன் காலத்தில் முந்தானையை உதறவைத்துச் சோதித்தார்களாம். விடுதலைக்குப் பின் மறைக்காமல் எடுத்துச் செல்வதே வழக்கமாயிற்று.

ஒரு மாலை, புதிய மேஸ்திரி அம்மாவை மறித்து, "கொட்டிட்டுப் போ, இல்லாங்காட்டி நாளைக்கு வேல இல்ல" என்றார். அவள் கூலியில்தான் எங்கள் உலை கொதித்தது. ஆனாலும் அவள் கை கவிழவில்லை.

"வெள்ளக்காரன் போயி எவ்ளோ நாளாச்சு, நீ இன்னா நைனா புதுசா சோதன போட்டுகினு கீற?" என்றார் பின்னால் நின்ற செல்லம்மா அத்தை. "அவளுக்கு வேல இல்லன்னா எங்களுக்கும் வேணாம்."

பெண்கள் வரிசை முழுவதும் அங்கேயே உட்கார்ந்தது. ஒருத்திக்கு நேர்ந்த அவமானத்தைப் பலர் தமதாக எண்ணியதில்தான் விடுதலைப் போராட்டம் வளர்ந்தது என்று பின்னாளில் கல்லூரியில் படித்தபோது, அது எனக்குப் புதிய பாடமாக இல்லை.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழையில் கரையாமலிருக்க, விடிந்ததும் உப்புக் குவியல்களை ஓலையால் மூட ஆள் வேண்டும். மேஸ்திரி வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்தார். அம்மா ஒரு கல் உப்பும் சிந்தாமல் அவரைக் கடந்து நடந்தாள்.