பொம்பளை வெட்டிய வரத்துக்கால்

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் தானாக வந்துவிடாது. ஆற்றிலிருந்து பிரியும் வரத்துக்காலை மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள், கையில் மம்பட்டி. ஆள் அனுப்பிய வீட்டு வயலுக்குத்தான் முறைத்தண்ணீர். இந்த ஒற்றுமையைப் பார்த்துக் கடலாடியிலிருந்து வரும் அதிகாரிகள் வாய்விட்டுப் புகழ்வார்கள். புகழ்ந்தவன் எவனும் எங்களோடு ஒரு பொழுது நின்று வெட்டியதில்லை.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். எங்களுக்கு இருந்தது ஒரே வயல். அது விளையாவிட்டால் உலையில் போட ஒன்றுமில்லை. அவர் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

யாரும் தடுக்கவில்லை. "வா தாயி, இங்கன நில்லு" என்று ஊர்த்தலைவரான அம்பலக்காரர் கருவேல முள் மண்டிக் கிடந்த இடத்தைக் காட்டினார். கை கால் எல்லாம் கிழிந்தது. நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "ஏலே, பொம்பளை வெட்டுறதப் பாத்துப் படிங்கலே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாசமாய்ப் போன உச்சி!

கண்மாய் பெருகியது. பிறகு மழை நின்றது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் முறைத்தண்ணீர் விட்டார்கள். என் வயலுக்கு மட்டும் வரவில்லை. மடைக்கு ஓடினேன்.

"உன் வீட்டாளு வரலையே, தாயி" என்றார் அம்பலக்காரர்.

"நான் வந்தேன்ல? முள்ளு கிழிச்சது இன்னும் ஆறலய்யா."

"வந்தே, இல்லேங்கல. பொம்பளையக் கணக்குல சேக்குற வழக்கம் நம்மூர்ல இல்லையே."

"அவரு எந்திரிக்கவே மாட்டாரேய்யா!"

"அதச் சொல்லி விலக்குக் கேட்டிருக்கணும். முடியாமக் கெடக்குற வீட்டுக்கு விலக்கு உண்டுல்ல? வெட்டாமலே தண்ணி வந்திருக்கும். நீ ஒரு வார்த்தை சொல்லாம மம்பட்டியத் தூக்கிட்டு வந்துட்டே. இப்ப நாங்க என்ன செய்ய?"

என்னோடு ஒரே சட்டிக் கூழைக் குடித்தவர்கள் சுற்றி நின்றார்கள். அடப்பாவிகளா, விலக்கு இருக்கிறது என்று வெட்டும்போதே ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா?

பயிர் கருகியது. ஒரு நாள் அம்பலக்காரர் தன் மாடுகளை ஓட்டி வந்தார். அவை குடிப்பதற்காக மடையைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டார். குடித்து முடித்ததும் மாடுகளை என் வயலுக்குள் மேயவிட்டார்.

"காஞ்சது காஞ்சுபோச்சு. மாடாச்சும் திங்கட்டும்."

எனக்கு வெறி வந்துவிட்டது. "இந்த மாடு எத்தனை நாளு கால்வா வெட்டுச்சு, அதுக்கு மடையத் தொறக்க?" என்று கத்தினேன்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்குக் கோபமே வரவில்லை. பக்கத்தில் நின்ற மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"வாயில்லா ஜீவன், தாயி. இதுகிட்டப் போயி வழக்கம் பேச முடியுமா?"