முதுகில் இரண்டு தோம்புகள்

முக்குளிப்பவன் முதுகில் மாட்டும் இரும்புக் காற்றுத் தோம்புகள் தரையில்தான் கனம். தண்ணீருக்குள் இறங்கினால் கனம் போய்விடும், களைப்பு போகாது. என் தோள்பட்டைக்கு இன்றும் அது நினைவிருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் தஞ்சோங் டாவாயில், ஆறு கடலில் சேரும் இடத்தில், முக்குளித்துப் பிழைத்தேன். படகு விசிறியில் சுற்றிய வலையை அறுப்பது, அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடுவது. வண்ண மீன் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். கீழே இருந்தது சேறு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு, கைதான் கண்.

நங்கூரம் தேட ஒரு தோம்புக் காற்று போதாது. படகில் ஏறியதும் இரண்டைச் சேர்த்துக் கட்டி, ஒரே குழாயில் இணைத்து மாட்டிக்கொள்வேன். பிடரிக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

மேலே கயிறு பிடிக்க என் மனைவியின் அண்ணன் வருவார். செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தோம்புகளைத் தொங்கவிட்டு, சிந்திவிடாதபடி நடப்பார். சிந்த அதில் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நடை மாறாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தண்ணீர் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்தான் வரும். பொதுக் குழாய் திறந்து கிடந்தால் யாராயிருந்தாலும் நின்று அடைத்துவிட்டுத்தான் போவார்கள். மச்சான் தூக்கத்திலும் அடைப்பார்.

ஒருநாள் அப்படித் தேடிய நங்கூரம் கையில் அகப்பட்டது. கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது காற்று இறுகியது. உறிஞ்சினேன், பாதி வந்தது. அடுத்த மூச்சுக்கு அதுவும் இல்லை. மேலே கிளம்பினேன், நங்கூரத்தோடு கிடந்த பழைய வலை காலைப் பிடித்தது. இடது கையால் தோம்புகளின் அடியை மேலே தள்ளி, வலது கையைப் பிடரிக்குப் பின்னால் விட்டேன். ஒரு திருகு திறந்திருந்தது. மற்றது இறுக மூடியிருந்தது. திருப்பினேன். நிறைந்த தோம்பிலிருந்து வெறுந்தோம்புக்குக் காற்று பாயும் சீறல் எலும்பில் கேட்டது. பயம்கூடத் தாமதமாக, சோர்ந்துபோய்த்தான் வந்தது. வலையை அறுத்து, முடிச்சையும் போட்டுவிட்டே ஏறினேன். இன்னொரு முறை இறங்க உடம்பில் தெம்பில்லை.

இறங்குவதற்கு முன் நான் முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மச்சான் அந்தத் திருகை அடைத்திருக்கிறார். அவரே சொன்னார், கொஞ்சம் பெருமையாக.

"ரெண்டுமே தொறந்து கெடந்துச்சு மாப்பிள்ள. ஒன்ன அடைச்சிட்டேன். காத்து வீணாப் போவுது லா."

"அந்தத் திருகு கைக்கு எட்டலன்னா நான் மேல வந்திருக்க மாட்டேன், மச்சான்."

கத்தவில்லை. கத்தவும் காற்று வேண்டும்.

கரையில் தோம்புகளை அவரே தூக்கிக்கொண்டார். காண்டாக் கம்பில் என்னைக் கைவைக்க விடவில்லை.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினோம். பொதுக் குழாயை யாரோ திறந்து போட்டுப் போயிருந்தார்கள். மச்சான் கம்பை இறக்கி வைத்துவிட்டு அதன் முன் நின்றார். கை போனது, பாதியில் நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"மாப்பிள்ள, இத அடைக்கலாமா?"

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "அடைங்க மச்சான்" என்றேன்.

அடைத்த பிறகும் அவர் கை வெகுநேரம் குழாயின் மேலேயே இருந்தது.