போர்டு இல்லாத மெஸ்

சென்னையிலிருந்து வந்திருந்த சம்பந்தி, எங்கள் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, "உங்க ஊர்ல மில்லு இருக்கு, மோட்டார் இருக்கு. சாப்பாடுன்னு என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். "கெளம்புங்க சம்மந்தி" என்று காரை எடுத்தேன்.

கோயமுத்தூரின் பழைய ஓட்டல்களைப் பற்றி வழிநெடுக அளந்தேன். டவுனுக்குள் நுழைந்தால் எல்லாம் மாறிக் கிடந்தது. நெய் ரோஸ்ட்டுக்குக் காத்துக்கிடந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். காபிக்கடை ரத்தப் பரிசோதனை நிலையமாகிவிட்டது. அங்கே வெறும் வயிற்றோடுதான் போக வேண்டுமாம். சம்பந்தி சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசி நம்பிக்கை, எங்கள் கோயமுத்தூர் ராமநாதபுரத்துச் சந்தில் இருந்த வீட்டு மெஸ். அந்தக் காலத்திலேயே அதற்குப் போர்டு கிடையாது. கதவு திறந்திருந்தால் உள்ளே போய்க் கை கழுவி, நீள மேசையில் உட்கார வேண்டியதுதான். இலை தானாக வரும். நல்லவேளை, கதவு திறந்திருந்தது. அதே மேசை. கை கழுவி உட்கார்ந்து, "ரெண்டு சாப்பாடுங்க!" என்று குரல் கொடுத்தேன். எட்டிப் பார்த்த பெண்மணி ஒரு நொடி விழித்தார். "இருங்க, வாரேனுங்க" என்றார்.

அரிசிம்பருப்பு சாதம் வந்தது. மேலே நெய், பக்கத்தில் கத்திரிக்காய்ப் பொரியல். சம்பந்தி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். "அவருக்கு இன்னொரு கரண்டி பொரியல் போடுங்க!" என்று அதிகாரம் செய்தேன். அப்புறம்தான் மடிக்காத துணிக் குவியலும், சுவரில் ஒட்டிய பள்ளிக்கூட டைம்டேபிளும் கண்ணில் பட்டன. எங்களைத் தவிர அங்கே ஒரு ஆள் இல்லை.

தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

"ஏனுங்க அம்மணி, இது மெஸ்ஸுதானுங்களே?"

"அதை மாமனாரு காலத்தோட மூடிப்போட்டமுங்க. இப்ப வெறும் ஊடுதானுங்க."

அடுத்தவர் வீட்டில் புகுந்து, இரண்டாம் தடவை பொரியலும் கேட்டவனை எந்த செக்‌ஷனில் பிடிப்பார்கள்? எனக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது.

"வந்தப்பவே சொல்லக் கூடாதுங்களா?"

"கை கழுவி உக்காந்தவங்களை எப்படீங்க எந்திரிங்கறது? அவரு உங்க சம்மந்திங்களா? மொதல்ல மொகத்தைத் தொடைங்க. அப்பளம் பொரிச்சுட்டு வாரேன்."

அடுப்பில், வீட்டு ஆட்களுக்காக மறுபடி உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மேசைக்குத் திரும்பினேன். மறைத்திருக்கலாம். ஆனால் பெருமை என் வாயை மூடவிடவில்லை. "சம்மந்தி, இது ஓட்டல் இல்லீங்க. யாரோ ஒருத்தர் ஊடு" என்றேன். மூடின பிறகும் சோறு போடுகிற மெஸ் சென்னையில் ஒன்றைக் காட்டட்டும், பார்ப்போம்!

சம்பந்தியின் கை இலையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். அப்பளத்தோடு வந்த அம்மணியைப் பார்த்தார்.

"கூச்சப்படாதீங்க. தயிரு நெறையா இருக்குதுங்க" என்றார் அவர்.

சம்பந்தி எழுந்திருக்கவில்லை. சோற்றில் மெதுவாகக் குழி பறித்தார்.

"ஊத்துங்கம்மா."