தேவதானம் வரை தெரிந்த வாழைப்பழம்

மகளின் கையில் அந்தச் சென்சாரை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நான் தேங்காய் துருவுகிற வழக்கம் கிடையாது. ஊசி இருக்கும் அறையில் நிற்க முடியாமல் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலை அது. ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற மில் ஒன்றில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிறேன். துணியைக் கையால் தடவியே நூல் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அந்தத் துணி கடைசியில் போய்ச் சேருகிற இடத்தைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

“முடிஞ்சிருச்சு, வாங்கப்பா. தேங்காய விடுங்க, சிரட்டையச் சொரண்டிக்கிட்டு இருக்கீங்க.”

போய்ப் பார்த்தேன். அவளே ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். இடது மேற்கையின் பின்பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை. அதன் அடியில் மயிரிழை மாதிரி ஒன்று தோலுக்குள் இருக்குமாம். பதினான்கு நாள் அங்கேயே உட்கார்ந்து சர்க்கரையை அளந்து செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம்; ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியும் போடுமாம். முதல் எண் வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை சென்சார் சூடாகிக்கொண்டிருக்கும் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்து, முக்கியமான வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

“சூடாக அது என்ன இட்லிப் பானையா?” என்றாள் என் மனைவி.

ஒரு மணி நேரம் மூன்று பேரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நூற்று நாற்பத்திரண்டு என்று வந்தது.

“பாஸா, பெயிலா?” என்று மனைவி கேட்டாள்.

“பாஸுதான்ம்மா,” என்றாள் மகள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இன்னும் கழுவாத தேங்காய்க் கையால் துடைத்ததில், துருவல் பட்டு அதிகமாக வந்தது.

அழுததற்குக் காரணம் உண்டு. அதற்கு நான்கு மாதம் முன்பு அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், பாதி வகுப்பில் எழுந்து எழுந்து பாத்ரூம் போனாள், சட்டை தொளதொளவென்று ஆனது. “படிக்கிறதுக்குச் சடைஞ்சுகிட்டுத்தான் இப்படித் தண்ணி தண்ணின்னு எந்திரிக்கிற” என்று நான் திட்டினேன். வெள்ளைத் துணியில் ஒற்றை நூல் விட்டால் கண்டுபிடிக்கிறவன், வீட்டுக்குள் பிள்ளை கரைந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் கிடந்தாள். சின்ன வயதிலேயே வருகிற, இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாத வகைச் சர்க்கரை. அன்றிலிருந்து, யாராவது வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டால் குடித்தது யார் என்று எட்டிப் பார்க்கிறேன்.

சென்சாரில் ஒரு வசதி இருந்தது. அவள் செல்போனுக்கு வரும் எண்ணை வேறு சிலரும் தங்கள் செல்போனில் பார்க்கலாம். அவள் என்னை மட்டும் சேர்த்துக்கொடுத்தாள். பிழை செய்தது நான்தான்.

எங்கள் சொந்தத்தில் ஒரு முறை உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எல்லோருக்கும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்கு விட்டுப்போனால், அந்த இன்னொருவர் அடுத்த நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அதைச் சொல்லிக்காட்டுவார். மதுரை ஆஸ்பத்திரி விஷயத்தைத் தேவதானத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன். “நான் செத்தாலும் இப்பிடித்தாம்லே மறுநாள் வருவ” என்று அவள் மூன்று மாதம் பேசிக்கொண்டிருந்தாள். ஆகவே, மகள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் செல்போனில் அக்காவைச் சேர்த்தேன். அக்காவைச் சேர்த்துவிட்டு மனைவியின் அண்ணனைச் சேர்க்காவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. தாய்மாமன். அவரையும் சேர்த்தேன்.

அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின்ரோட்டு ஓரமாகத் தென்னங்கன்று, மாங்கன்று விற்கிற நர்சரி வைத்திருக்கிறார். கன்றுகளை வரிசையாக, ஒரே இடைவெளியில் நிறுத்தியிருப்பார். மருமகளின் எண்ணையும் அப்படியே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். “மாப்ள, பதினாறு முப்பதுக்கு இருநூத்திப் பத்து. மேல பாத்து அம்புக்குறி. பிள்ளைக்கு என்ன ரேஷன் குடுத்தீக?” என்று போன் வரும்.

அவர் வைத்ததும் அக்கா கூப்பிடுவாள். அவளுக்குக் கண்ணாடி எங்கே என்று எப்போதும் தெரியாது. “ஏலே, எம்புட்டுன்னு தெரியல, ஆனா மூணு நம்பரா இருக்கு. என்னத்தத் திங்கவிட்ட?”

“வாழப்பழம்க்கா.”

“எந்தப் பழம்?”

ஒரு வாரம் பொறுத்த மகள் எட்டாம் நாள் தட்டைத் தள்ளி வைத்தாள். “நான் இங்க ஒரு வாழப்பழம் தின்னா தேவதானம் வரைக்கும் தெரியுதுப்பா. எனக்கு வெக்கமா இருக்கு.”

“அக்கறையிலதான தாயி கேக்காக.”

“சரி. அம்புட்டு அக்கறையா எல்லாரும் பாக்கீகல்ல? அப்ப என்னைய பஸ்ல தனியா விடுங்க.”

சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குக் கணக்கு டியூஷன். முன்பெல்லாம் தோழிகளோடு பஸ்ஸில் போய் வருவாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் பைக்கில் கூட்டிப்போய், இரண்டு மணி நேரம் டியூஷன் வாசலில் குளுகோஸ் டப்பாவோடு நின்று, திரும்பக் கூட்டி வந்தேன். தோழிகள் என்னை ‘செக்யூரிட்டி’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். எதிரே இருந்த டீக்கடைக்காரர் உண்மையிலேயே அப்படி நினைத்து, வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும்படி என்னிடம் புகார் செய்திருக்கிறார்.

“தனியாப் போவேன், தனியா வாரேன். நீங்க பின்னாடி வரக் கூடாது. வந்தீகன்னா இதக் கழட்டி எறிஞ்சிட்டு, பழையபடி விரல்ல குத்திக்கிட்டுப் போயிருவேன்,” என்றாள். சொன்னால் செய்வாள். அந்த விஷயத்தில் அவள் அம்மா மாதிரி. ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை நல்லபடியாகப் போனது. இரண்டாம் சனிக்கிழமை மதியம் நான் மில்லில் மேஜைமேல் செல்போனை வைத்துக்கொண்டு துணி பார்த்தேன். வகுப்பு முடிந்து பஸ் ஏறிவிட்டேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். அப்போது நூற்றுப் பதினெட்டு. கொஞ்ச நேரத்தில் தொண்ணூறு. அடுத்துப் பார்த்தபோது அறுபத்தாறு. அலாரம் அடித்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஐம்பத்தெட்டு. அம்புக்குறி நேராகத் தரையைப் பார்த்தது. மிகவும் குறைந்தால் மயங்கி விழலாம் என்று புத்தகத்தில் இருந்தது. நான் கோடு போட்ட வரிதான்.

அதற்குள் அக்கா. “ஏலே, ரெண்டு நம்பராப் போச்சே!”

அதற்குள் தாய்மாமன். “மாப்ள, அம்பத்தெட்டு. வண்டி இன்னும் என்னையத் தாண்டல. நான் பாத்துக்கிடுதேன்.”

“என்ன செய்யப் போறீக மச்சான்?” என்றேன். போனை வைத்துவிட்டார்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பஸ் நர்சரிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. தாய்மாமன் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று நிறுத்தினாராம். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கும் அவர் மீசைக்கும் ஒரு முழம் இருந்ததாக டிரைவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். உள்ளே ஏறி, அணிவகுப்பு மைதானத்துக் குரலில், “பிள்ளைக்குச் சக்கர எறங்கிருச்சு! யார்ட்டயாவது இனிப்பு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வருகிற பஸ்ஸில் கேட்கிற கேள்வியா அது? பாதிப் பேர் மடியில் பால்கோவா இருந்தது. நான் ஏறியபோது எட்டுப் பத்துக் கைகள் என் மகளை நோக்கி நீண்டிருந்தன. இடது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பேச முயன்றாள், முடியவில்லை. வாய் திறக்கும்போதெல்லாம் தாய்மாமன் இன்னொரு உருண்டையை உள்ளே தள்ளினார்.

“முழுங்கு தாயி, முழுங்கு. பொறவு பேசலாம்.”

“நான் வாங்குன கடைதாம்மா நயம். இதத் தின்னு,” என்றார் பின் சீட்டுக்காரர் ஒருவர்.

“அது சக்கர கூடுனதுல்லா,” என்று ஓர் அம்மாள் தடுத்தார். “இது பாலு கூடுனது. பிள்ளைக்கு எதமா இருக்கும்.”

“சக்கர கூடுனதுதான் இப்ப வேணுமாம். ஒமக்கு வெவரம் தெரியல.”

இந்தத் தகராறு நடக்கும்போதே மகள் பைக்குள் கைவிட்டு விரலில் குத்திப் பார்க்கும் பழைய மீட்டரை எடுத்தாள். பக்கத்து ஆள் தண்ணீர் பாட்டிலை நீட்ட, கையைக் கழுவித் துடைத்து, விரலில் குத்தினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே டிக்கெட் விலைப் பட்டியலைப் படித்தேன்.

“நூத்தி இருபத்தொண்ணு,” என்றாள்.

நீண்டிருந்த கைகள் இறங்கின.

“அம்பத்தெட்டுல்ல காட்டிச்சு?” என்றார் தாய்மாமன்.

“ஜன்னல்ல சாஞ்சு ஒறங்கிட்டேன் மாமா. சென்சாரு ஒட்டின கை அமுங்கிப்போச்சு. அமுங்குனா தப்பாக் கொறச்சுக் காட்டும். நம்பாம விரல்ல குத்திப் பாக்கணும்.” என்னைப் பார்த்தாள். “அப்பா பென்சில்ல கோடு போட்டிருக்காக.”

போட்டிருந்தேன். இரண்டு கோடு.

பால்கோவா வேலையைக் காட்ட அதிக நேரம் எடுக்கவில்லை. செல்போனில் எண் ஏற ஆரம்பித்தது. நூற்று எழுபது, இருநூற்றுப் பத்து. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால் கூடுனது கொடுத்த அம்மாள் மட்டும், “எங்கிட்ட வாங்குனது இம்புட்டு ஏத்தாது,” என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியை மூடினார். மகள் இன்சுலினைக் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். அப்போது விலைப் பட்டியலை இரண்டாம் முறை படித்தேன்.

கண்டக்டர் பொறுமையானவர். “சார், பிள்ளைய எறக்குதீகளா, வண்டிய எடுக்கவா?”

“வா தாயி, பைக்ல போயிரலாம்,” என்றேன்.

“நான் டிக்கெட்டு எடுத்திருக்கேன்,” என்றாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். “பஸ்ல எல்லாரும் பாக்காகப்பா. நீங்க எறங்குங்க.”

இறங்கினேன். தாய்மாமனும் இறங்கினார். பஸ் போனது. பின்னாலேயே போகக் கூடாது என்பதால் கால் மணி நேரம் தென்னங்கன்றுகளுக்கு நடுவே நின்றேன். “நோட்டுல நேரத்த எழுதலியே,” என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும்போது சென்சார் குப்பைக்கூடையில் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை பஸ்ஸும் அதோடு போய்விடும். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வில்லை கையில்தான் இருந்தது. செல்போனை என்னிடம் காட்டினாள். அக்கா பெயரும் இல்லை, தாய்மாமன் பெயரும் இல்லை.

“அவிய கேட்டா நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க. நீங்க மட்டும் பாக்கலாம். எழுபதுக்குக் கீழ போனாத்தான் கூப்பிடணும். நான் எடுக்கலன்னா, அடுத்த வாரத்துலருந்து என்கூட வார பிள்ளைக்கு அடிங்க, நம்பர் தாரேன். அவளும் எடுக்கலன்னா என்னமும் செய்ங்க. அடுத்த சென்சார வலது கையில ஒட்டுதேன். ஜன்னல்ல சாயணும் எனக்கு.”

“எழுபத்தஞ்சுன்னு வச்சுக்கிருவோமா?” என்றேன்.

“எழுபதுப்பா.”

அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். “இனிமே வாழப்பழம் தின்னாக்கூட எனக்குத் தெரியாது, அப்பிடித்தான?” என்றாள். போனை வைத்தவள் இன்னும் கூப்பிடவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மில்லுக்கு நடந்தே போனேன். மதியம் அவள் பஸ் ஏறிய செய்தி வந்தது. தொண்ணூற்றைந்து, கீழே சாய்ந்த அம்புக்குறி. எண்பத்திரண்டு. எழுபத்தாறு. நான் துணியைத் தடவிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை. எழுபத்துமூன்று. கட்டைவிரல் அவள் பெயர்மேல் இருந்தது. எழுபத்தொன்று. தண்ணீர் குடிக்கப் போனேன், குடிக்காமல் வந்தேன். மறுபடியும் எழுபத்தொன்று. எனக்குக் கூப்பிட உரிமை இல்லாத ஓர் எண்ணில் என் மகள் ஒரு பஸ்ஸில் எங்கோ வந்துகொண்டிருந்தாள். பிறகு எழுபத்தெட்டு. அம்புக்குறி நிமிர்ந்திருந்தது. எதையோ வாயில் போட்டிருக்கிறாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, நாற்காலியில் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். அவள் வந்து பையை இறக்கினாள்.

“கூப்பிடுவீகன்னு நெனச்சேன்.”

“எழுபத்தொண்ணுதான?” என்றேன், எழுபத்தொன்றெல்லாம் ஒரு எண்ணா என்பது போல.

“பேப்பர் ஏன் ஆடுது?”

“பைக்க வேகமா ஓட்டிக்கிட்டு வந்தேன். கை ஒதறுது.”

அவள் பையைத் திறந்து, பைக் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “காலைலயே எடுத்துட்டுப் போயிட்டேன். தேடுனீகளா?”

“இல்லையே,” என்றேன்.

அடுப்படியில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது. “கட்டிலத் தூக்கிப் பாத்தாக.”