பெரியம்மா நடந்த வரிசை

பதுளையில் இருந்த கடை ஆண்களுடையது. ஹாலிஎலைக்கு மேலே இருந்த காப்பித் தோட்டம் பெண்களுடையது. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நடந்து வந்தது. பூட்டி காடு வெட்டி நட்ட தோட்டம், பெண்கள் கைமாறிப் பெரியம்மாவிடம் வந்தது. பெரியம்மா காய்ச்சலில் செத்துப்போன பிறகு அவர் தங்கையான என் அம்மாவிடம். அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து காப்பியைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார். அவருடைய நிர்வாகம் அவ்வளவுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. இலைக்கு அடியில் மஞ்சள் தூள் பூத்துச் செடியை மொட்டையாக்கும் நோய் மலை மலையாக வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் இருந்த பெரிய தோட்டத்தை வெள்ளைக்காரத் துரை கைவிட்டுப் போய்விட்டார். எங்கள் செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. வெளியிலிருந்து யார் வந்தாலும் ஓடையில் குளித்துத் துணி மாற்றினால்தான் அம்மா உள்ளே விடுவார். அப்பாவுக்கும் அதே கதிதான். வேலி தாண்டினால் காலை ஒடிப்பேன் என்று எனக்குத் தனி உத்தரவு.

உத்தரவு போட்டால் தாண்டத்தானே தோன்றும். பனிமூட்டம் இறங்கிய ஒரு மத்தியானம் தாண்டினேன். அந்தப் பக்கம் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. இலையற்ற செடிகளுக்கு நடுவே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தாள். செடியில் பழமே இல்லை. விரல்கள் மட்டும் அவ்வளவு வேகமாக ஓடின. திரும்பினாள். பெரியம்மா. எனக்குப் பயம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அருகில் வந்து என் தலையைத் தடவினார். "வீட்டுக்குப் போ தாயி, அம்மா தேடுவா."

போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் காப்பிச் செடிகளுக்கிடையே சும்மா நடப்பதில்லை. இரண்டு கையாலும் இலைகளைத் தொட்டுக்கொண்டே நடப்போம். புழுவோ வாட்டமோ கைக்கே தெரிந்துவிடும். வேலியிலிருந்து கொல்லைவாசல் வரை நானும் அப்படியே வந்தேன்.

அம்மா என் உச்சந்தலையைப் பார்த்தார். "யாருடி உன் தலைய தடவுனது?"

ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்ததாம். நடந்ததைச் சொன்னேன். அம்மா என் பாவாடையைக் கழற்றி அடுப்பில் போட்டார். முடியை ஒட்ட வெட்டினார். வெட்டிக்கொண்டே, "வர்ற வழியில செடி எதையாச்சும் தொட்டியா?" என்றார். கத்தரிக்கோல் காதருகில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

மூன்றே வாரம். வேலியிலிருந்து கொல்லைவாசல் வரை, ஒரே ஒரு வரிசையில் மட்டும், இரு பக்கமும் மஞ்சள் புள்ளிகள் வந்தன. அப்பா கடையை விட்டு ஓடி வந்து, யார் உள்ளே வந்தது என்று கத்தினார். அம்மா அந்த வரிசை நெடுகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அக்காதாங்க வந்துட்டுப் போயிருக்கா. அவ வளத்தது, அவளே எடுத்துக்கிட்டா."

பெரியம்மா பெயரைச் சொல்லி வேலியோரம் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த மழைக்குள் தோட்டம் முழுவதும் போயிற்று. நானும் அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். பெரியம்மா மேல் கோபம்கூட வந்தது. அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர். புள்ளிகளோ ஓர் எட்டு வயதுப் பெண்ணின் கை எட்டும் உயரத்துக்கு மேலே ஏறவே இல்லை. அம்மா எதைக் குனிந்து பார்த்தார், ஏன் பழியை அக்கா மேல் போட்டார் என்பது, எனக்கும் ஒரு மகள் பிறந்து எட்டு வயதாகும்வரை புரியவில்லை.