நாலாம் துண்டு

கண்ணாடியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு அப்படியே விட்டுப் போவதுதான் இங்கே என் தொழில். இங்கிலாந்தின் தென்கரையில், கடற்காற்று ஓயாத ஒரு சிறிய ஊரில், வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் யன்னல் கழுவுகிறேன். ஏணி கிடையாது. நிலத்தில் நின்றபடி நீண்ட கோலை உயர்த்துவேன். எங்கள் வான் வண்டியிலுள்ள தாங்கியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, கோலின் நுனியிலுள்ள பிரஷில் கொட்டும். தேய்த்து, அலசி, அடுத்த யன்னலுக்குப் போய்விட வேண்டும். உப்பையெல்லாம் வடித்தெடுத்த தண்ணீர் என்பதால் துளிகள் தாமாகவே காய்ந்துவிடும். ஒரு புள்ளிகூட மிஞ்சாது. வந்த புதிதில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா வெளியே வந்து, ஏன் துடைக்காமல் போகிறாய் என்று கேட்டார். "பியூர் வோட்டர், பியூர் வோட்டர்" என்றேன். அவர் காதில் அது 'புவர்', ஏழை, என்று விழுந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து தந்து, என் தோளைத் தடவிவிட்டார். வாங்கிக் குடித்தேன். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.

யன்னலுக்கு உள்ளே பார்க்கக்கூடாது என்பது எங்கள் முதலாளி கெவினின் கட்டளை. நான் பார்ப்பேன். காலைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒருத்தி தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். என் மனைவி ரெஜினாவும் எங்கள் மகளும் அந்நேரம் மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். பின்னேரம் ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு, தெருவில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருப்பார்கள். ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டு, பங்குச் சுவாமி போய்ப் பேசி விடுவித்த பிறகுதான் நான் நாட்டைவிட்டு ஓடிவந்தேன். இருந்தாலும் இந்த வெள்ளைக்காரர்கள்மேல் எனக்கு வந்தது வெறும் ஏக்கம்தான். உண்மையான பொறாமை என்னவென்று எனக்குக் காட்டியவன் என்னோடு வேலை செய்த செல்வராசு.

செல்வராசு முசலிப் பக்கத்து ஆள். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நான் மன்னார்த் தீவில், கீரியில் வள்ளமும் வலையும் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. கருவாடு காயப்போட அவனுடைய ஆட்கள் எங்கள் மீன்வாடிக்குக் கூலிக்கு வருவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேலிக்கட்டையில் தனியாக இரண்டு தகரக் குவளைகள் கவிழ்த்து வைத்திருப்போம். எங்கள் வீட்டுக் கதிரையில் அவர்களில் ஒருவரும் இருந்ததை நான் கண்டதில்லை. இங்கே வந்து முதல் நாளே அவன் என்னை "அண்ணே, நீங்க" என்றான். நான் "நீ" என்றேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எனக்கு மூன்று வருடம் பிந்தி வந்தவன் என்னைவிட வேகமாக வேலை செய்தான். கெவின் புதிதாகக் கார்பன் கோல் ஒன்று வாங்கியபோது அதை அவன் கையில்தான் கொடுத்தார். ஒன்றோடொன்று செருகிப் பூட்டுகிற ஆறு துண்டுகள். ஒவ்வொன்றிலும் இலக்கம் இருக்கும். மூன்றின் அடியில் நாலு மட்டும்தான் பொருந்தும். ஆறையும் பூட்டினால் நாலாம் மாடிக்கு எட்டும், ஆனாலும் ஒரு கையால் தூக்கலாம். எனக்குப் பழைய கோல், பாரமானது, இரண்டாம் மாடியோடு சரி.

இருவரும் குடும்பத்துக்கு விசா போட்டிருந்தோம். ரெஜினாவுக்குக் கொழும்பில் நேர்முகம் வைத்தார்கள். மன்னார்த் தீவைவிட்டு வெளியே போக ஆமி பாஸ் தரவேண்டும். ஐந்து நாள் காம்ப் வாசலில் நின்றாள். பாஸ் கிடைத்தது நேர்முகத்துக்கு அடுத்த நாள். திரும்ப முதலிலிருந்து எழுதிப்போடச் சொன்னார்கள். போட்டோம், பதில் வரவில்லை. செல்வராசின் மனைவியோ, முசலியில் ஷெல் விழத் தொடங்கியதுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் இருக்கிற தன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பஸ் ஏறிக் கொழும்புக்குப் போவதற்கு ஒரு பாஸும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் எதைச் சொல்லி அவர்களைக் கீழே வைத்தோமோ, அந்த மலைநாட்டுச் சொந்தம்தான் அவர்களைக் காப்பாற்றியது. எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்ததும் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை, கோலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செல்வராசு சொன்னான்.

"அண்ணே, விசா வந்துருச்சு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் வந்துருவாங்க."

"நல்லது" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே துண்டுகளைத் துடைத்து, எண்ணிக் கட்டி வைத்தான்.

மறுநாள் கடற்கரையில் ஒரு நாலு மாடி ஹோட்டலில் வேலை. பிடித்துப்போனால் அந்த ஹோட்டலை நிரந்தரமாக எடுத்துச் செல்வராசின் பொறுப்பில் விடுவதாகக் கெவின் சொல்லியிருந்தார். காலையில் வானில் சாமான் ஏற்றியது நான். கோல்துண்டுகளின் கட்டை அவிழ்த்து, நாலாம் துண்டை மட்டும் உருவி, கெவினின் ஸ்ரோர் அறையில் பழைய குழாய்ச் சுருளுக்குப் பின்னால் வைத்தேன். மத்தியானம் கெவின் வந்து பார்க்கும்போது அவன் தலைகுனிந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஹோட்டலில் துண்டுகளைப் பரப்பிவைத்து இரண்டு தரம் எண்ணினான். என்னைப் பார்த்தான். நான் குழாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவன் பின்முற்றத்துக்குப் போய், அங்கே கிடந்த பழைய ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தினான். வாளியோடு ஏறத் தொடங்கினான்.

"காத்தடிக்குது. வேண்டாம், இறங்கு!" என்று கத்தினேன்.

கீழே தரை முழுவதும் என் குழாயிலிருந்து ஓடிய தண்ணீர். ஏணியின் கால் வழுக்கியது. ஓடிப்போய் ஏணியை உடம்போடு அணைத்துப் பிடித்தேன், நிற்கவில்லை. ஓராள் உயரத்துக்குமேல் இருந்து விழுந்தான். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு மடங்கிப்போயிற்று. அவன் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே முழங்காலில் இருந்தேன்.

"அந்தத் துண்டை நான்தான் விட்டிட்டு வந்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." முதன்முறையாக என் வாயில் மரியாதை வந்தது.

"தெரியும்" என்றான் பல்லைக் கடித்தபடி. "ஆறையும் நான்தானே கட்டி வச்சேன். ஒங்களுக்கு நான் என்னா செஞ்சேன்னு யோசிச்சுக்கிட்டேதான் ஏறுனேன்."

ஆஸ்பத்திரியில் கெவின் விசாரித்தபோது, "ஐ ஃபொர்கெட் பீஸ்" என்றான். தன்மீதே போட்டுக்கொண்டான். நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கெவின் அந்தக் கார்பன் கோலையும் ஹோட்டலையும் என்னிடம் தந்தார். அடுத்த மூன்று வாரம் தனியாக நின்று ஆறு துண்டுகளையும் பூட்டினேன். இறகுபோல இருந்தது. ஒவ்வொரு தரமும் நாலைச் செருகுமுன் ஏணி சாத்திய சுவரை ஒருதரம் பார்த்துக்கொண்டேன். நாலாவது வாரம் கெவினிடம் போய், தெரிந்த இங்கிலீஷில், "நொட் ஹிம். மீ. ஐ ஹைட்" என்றேன். அவருக்கு விளங்க வெகுநேரம் பிடித்தது. விளங்கியதும் கோலை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மாதம் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை.

செல்வராசு என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அந்த மாதத்தில் ஒருநாள் காலை அவனே ரெலிபோன் எடுத்தான்.

"நாளைக்கு ஏர்போர்ட்டுக்குப் போகணும். கெவின் வான் தர்றாரு, மாவுக்கட்டோட என்னால ஓட்ட முடியாது. வேற ஆள் இல்ல."

"வாறன்" என்றேன்.

விமானநிலையத்தில் கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றோம். அவன் மனைவி பெட்டிகளோடு வந்தாள். நாலு வயது மகள் தகப்பனை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். அவன் மாவுக்கட்டுக் கையை நீட்டினான். அவள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவரு மன்னார் அண்ணன்" என்று மட்டும் என்னை மனைவிக்குச் சொன்னான். குழந்தைக்குக் குளிரும், பெரிய சட்டை ஒன்று வாங்க வேண்டும் என்று அவர்கள் மூவரும் கடைப்பக்கம் போனார்கள்.

நான் தடுப்பிலேயே நின்றேன். கொழும்பு விமானத்து ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். சேலை உடுத்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளைகளைப் பார்த்தேன். கடைசி ஆளும் வந்து, கதவு மூடி, மறுபடி திறக்காமல் இருந்தது. காவலாளி ஒருவர் பக்கத்தில் வந்து, யாருக்காவது காத்திருக்கிறாயா என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. எந்த விமானம் என்று கேட்டார். மேலே எழுத்துகள் மாறிக்கொண்டிருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தேன். உலகத்து ஊர்களின் பெயர்களெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்குக் காட்ட ஒரு வரியைத் தேடிக்கொண்டே நின்றேன்.