ஜெப ஸ்டூல்

தக்கலையில் ஜெயசிங் முதலாளியின் துணிக்கடைக்குள் நுழைந்தால் எல்லாமே உட்கார்ந்திருக்கும். பட்டுச்சேலை மெத்தைமேல் இருக்கும். வாங்க வந்தவர்களுக்கு வழவழவென்று குஷன் ஸ்டூல். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை கால்மேல் கால் போட்டு நாற்காலியில் இருக்கும். அது ஒருநாளும் ஒரு சேலைகூட விற்றதில்லை. விற்கிற பெண்கள் மட்டும் காலையில் கதவு திறந்ததிலிருந்து ராத்திரி பூட்டும்வரை நிற்பார்கள். தப்பித்தவறி யாராவது அட்டைப்பெட்டிமேல் குந்தினால் கேமரா வழியாக முதலாளி அறைத் திரையில் தெரிந்துவிடும். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் சம்பளத்தில் பிடித்தம்தான்.

அந்தக் கடையின் மாடியில், பட்டுப் பிரிவில் நின்றவள் ராஜபாய். இரணியலில் வீடு. பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவாள், நின்றுகொண்டே போவாள். கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து பச்சையாகப் புடைத்திருந்தது. "இடையிடையே உட்காரணும், இல்லேன்னா வேலையை விடணும்" என்றார் டாக்டர். வேலையை விட்டால் மகள் அஜிஷாவின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். ஆகவே யாராவது ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்று ராஜபாய் நின்றாள்.

ஆனால் அவள் மூளை நிற்கவில்லை. கடை திறக்குமுன் தினமும் ஜெபம் உண்டு. ஆவி இறங்கினால் யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபம் வரும் என்பது முதலாளியின் நம்பிக்கை. முதலாளிக்கு முட்டுவலி. அவர் நாற்காலியில் இருந்தபடி ஜெபிப்பார், மற்றவர்கள் நிற்பார்கள். ஒருநாள் ராஜபாய் மெல்லச் சொன்னாள்: "முதலாளி நாற்காலியில இருக்கும்போ அவருக்க தலைக்கு மேல நாங்க நிக்கது மரியாதையா?"

முதலாளிக்கு மனசு குளிர்ந்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் தரையில் ஜமுக்காளம்.

பிறகு பார்க்க வேண்டுமே, கடையில் பக்தி பெருகியதை! ராஜபாய் கண்ணை மூடினால் திறக்க மாட்டாள். முதலாளியின் முட்டுக்காக ஜெபித்தாள். கனடாவிலிருக்கும் அவர் மகளின் விசாவுக்காக ஜெபித்தாள். ரப்பர் விலைக்காக, குளச்சலில் கடலுக்குப் போனவர்களுக்காக, திற்பரப்பில் குளிக்கப் போகிறவர்கள் வழுக்கி விழாமலிருக்க, எல்லாவற்றுக்கும் ஜெபித்தாள். கீழ்த்தளத்தில் நைட்டி விற்கும் ஓமனா சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். அவள்தான் ராஜபாயின் இடுப்பில் குத்துவாள்.

"எக்கா, ஆமென் சொல்லிராத. ரெயில்வேக்காரங்க பாக்கி இருக்கு. அவங்களுக்கும் ஜெபி."

"ஒனக்கெதுக்குட்டி இதெல்லாம்?"

"சாமி எதானா என்ன, கால நீட்டி இரியச் சொல்லுதுல்லா!"

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், 2012 ஓணத்துக்கு முந்தின மாதம், முதலாளியின் தங்கை மகன் பெனிஷ் பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்து, மடிக்கணினியோடு வந்து இறங்கினான். தொழிலாளர் நலம் பற்றிப் புதிது புதிதாக ஆராய்ச்சி வந்திருக்கிறதாம். சந்தோஷமாக இருக்கிற தொழிலாளி அதிகம் விற்பானாம். அதை மாமா கடையிலேயே நிரூபித்துக் காட்டப்போகிறானாம்.

முதலில் ஒவ்வொருவரிடமும் கேட்டான். "சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"பத்துண்ணே சொல்லிருங்க," என்று ஓமனா எல்லார் காதிலும் ஓதிவிட்டாள். "கொறச்சுச் சொன்னா அதையும் சம்பளத்துல பிடிப்பாங்க."

எல்லாரும் பத்து. பெனிஷ் அத்தனை பத்தையும் மடிக்கணினியில் ஏற்றினான். "சரி, ஒரு நாளிலே ரொம்ப சந்தோஷமான நேரம் எது?" என்று கேட்டான்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஜெப நேரம்."

கேட்ட முதலாளி கர்சீப் எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவர்கள் கால் நீட்டியிருந்த ஜமுக்காளத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவர்களும் படித்தவர்கள் இல்லையே.

பெனிஷ் சோதனையில் இறங்கினான். கீழ்த்தளத்துக்குக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளை ஜெபம். உற்சாகம் வருவதற்காக நின்றுகொண்டு, கையை உயர்த்தி. ஜமுக்காளம் சுருட்டப்பட்டது. மாடிக்கு அதே மூன்று வேளையும் ஜெபம் கிடையாது, வேலையும் கிடையாது, சும்மா இருக்க வேண்டும். நின்றால் கை சும்மா இருக்காமல் சேலையை மடிக்கப் போய்விடும் என்று, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்துப் போட்டான். எந்தத் தளத்தில் விற்பனை கூடுகிறதென்று பார்த்தால் ஜெபத்தின் பலன் தெரிந்துவிடும். மாமா ஒத்துக்கொண்டார். கர்த்தர் ஜெயிப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ராஜபாய் நாற்காலியில் இருந்தாள். சாய்மானம் முதுகில் பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கீழே ஓமனா கையைத் தூக்கி நிற்பாள். படியில் பார்த்தால் முறைப்பாள்.

"நீ மேல மகாராணி. எனக்க கணுக்காலப் பாத்தியா? பலாக்கா கணக்கா வீங்கிருக்கு."

"நானா தளம் பிரிச்சேன்? பிள்ளே, கொஞ்சம் பொறுத்துக்கோ."

ராஜபாய்க்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நாற்காலியில் இருந்தாள்.

ஓணத்துக்கு மறுவாரம் பெனிஷ் கணக்குப் பார்த்தான். மாடியில் விற்பனை ஏறியிருந்தது. கீழே இறங்கியிருந்தது. மாடிப் பெண்கள் கால்வலி இல்லாமல், சேலையை விரித்துக் காட்டச் சலிக்காமல், வந்தவர்களிடம் சிரித்துப் பேசியிருந்தார்கள். கீழே மூன்று வேளை ஜெபித்தவர்கள் எரிந்து விழுந்தார்கள். நைட்டி கேட்ட ஒரு டீச்சரிடம், "எடுக்கியதானா எடுங்க, இல்லேன்னா விடுங்க" என்று ஓமனா சொல்லிவிட்டாள்.

மடிக்கணினியில் அவன் போட்டுக் காட்டிய வரைபடத்தைப் பார்த்த முதலாளி முகம் வெளுத்தது.

"ஜெபிக்காத தளத்துலயா யாவாரம் கூடிச்சு? ஏலே, இது பிசாசுக்க கணக்குலே!"

"மாமா, டேட்டா அப்படித்தான் சொல்லுது."

"ஒனக்க டேட்டாவக் கொண்டு ஓடையில போடு. நாளையிலேருந்து ரெண்டு தளமும் நின்னு ஜெபிக்கணும். நாற்காலிய எல்லாம் திருப்பி அனுப்பு!"

சாயங்காலமே வண்டி வந்தது. முதலாளியும் பெனிஷும் பார்த்து நிற்க, வாடகைக்காரன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ராஜபாயின் நாற்காலிமேல் அவன் கை வைத்தான். அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் போய்விடும். நாற்காலி போனால் வேலை போகும், வேலை போனால் அஜிஷாவின் படிப்பு போகும்.

"முதலாளி, மேல யாரு ஜெபிக்காம இருந்தது?"

பெனிஷ் திரும்பினான். "சும்மா இருக்கத்தானே சொன்னேன்?"

"சும்மா இரியச் சொன்னா நாங்க சும்மா இருப்போமா தம்பி? உள்ளுக்குள்ள ஜெபிச்சிட்டுத்தான் இருந்தோம். வாயத் தெறக்கல்ல, அவ்வளவுதான். நாற்காலியில இருந்தா மனசு அலையாது, கேட்டியளா. ஜெபம் நேரே மேல போவுது."

முதலாளி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பெனிஷ் தலையில் கைவைத்தான். சோதனை பாழ். ஆனால் எம்.பி.ஏ. படித்தவன் அல்லவா, சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டான்: அமர்ந்த நிலை மௌன ஜெப முறை. பிறகு அதைப் பற்றிப் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் பேசி, சந்தனமாலையும் வாங்கி வந்தான்.

கடையில் இரண்டு தளத்துக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. 'ஜெபத்துக்கு மட்டும்' என்று ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. கூட்டம் இல்லாத போதெல்லாம் யார் வேண்டுமானாலும் இருந்து ஜெபிக்கலாம்.

ராஜபாய் சொன்னது முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த ஓண மாதம் முழுக்க அவள் ஒரே ஜெபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: 'ஆண்டவரே, இந்த நாற்காலிய எடுத்திட்டுப் போகாம பாத்துக்கொள்ளும். ஓமனாவுக்கும் ஒண்ணு தாரும்.'

ஒரு மதியம் முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். கடையில் ஈ காக்கா இல்லை. ராஜபாய் சேலைப்பெட்டிமேல் கால் நீட்டி ஸ்டூலில் இருந்தாள். அவள் தோளில் சாய்ந்து, மேலே கதைபேச வந்த ஓமனா வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது சத்தம்?" என்றார் முதலாளி.

ராஜபாய் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெல்ல, முதலாளி. அந்நிய பாஷையில ஜெபிக்கா."

முதலாளி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படியிறங்கினார்.